தணிகை மலை உணர்த்தும் பாடம்

அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படுவது திருத்தணிகை. சூரபதுமனோடு நிகழ்ந்த பெரும்போரிலும், வள்ளியம்மையின் பொருட்டு வேடர்களோடு நிகழ்ந்த சிறுபோரிலும் எழுந்த சினம் தணிந்து, முருகப்பெருமான் சாந்தம் கொண்டு அமர்ந்த மலை இது என்பது தல வரலாறு. தணிகை என்ற திருப்பெயரும் அதனால் அமைந்ததே என்பர். கந்தசஷ்டி விழாவில் திருச்செந்தூர் முதலிய தலங்களில் சூரசம்ஹாரம் சிறப்பாக நடைபெறும். திருத்தணியிலோ அந்நிகழ்ச்சி நடத்தப்படுவதில்லை. சினம் தணிந்த இடத்தில் போரை நினைவூட்டலாகாது என்பதால், அங்குப் பெருமானுக்கு மலர் சொரிந்து புஷ்பாஞ்சலி செய்யப்படுகிறது.

ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாகக் கூறப்படும் இத்தலத்தின் 365 படிகளில் ஏறிவரும் குடும்பங்களிடையே ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். தாயும் தந்தையும் முன்னே செல்ல, பதினைந்து வயது மகனோ மகளோ நான்கு படிகள் பின்தங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோடும் பேசாமல் வருவதுண்டு. சந்நிதியில் கைகூப்பி நிற்கும் தாய், "முருகா, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடு" என்று வேண்டுகிறாள். அந்த வேண்டுதலுக்கான விடையின் ஒரு பகுதி அவள் நிற்கும் தலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. தேவசேனாபதியின் சினமே தணிவதற்கு ஒரு மலையும் சிறிது காலமும் தேவைப்பட்டன என்றால், வளரும் பிள்ளையின் சினம் ஓர் அதட்டலில் அடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

பழநியில் பெற்றோர் செய்தது

சினந்து வீட்டைவிட்டுச் சென்ற பிள்ளையின் கதையை அறியாதார் இலர். நாரதர் கொண்டுவந்த கனிக்காக உலகை வலம் வரச் சென்ற இளைய பிள்ளை திரும்பி வருவதற்குள், தாய் தந்தையரை வலம் வந்த மூத்த பிள்ளைக்கு அக்கனி கிடைத்துவிட்டது. தமக்கு நீதி கிடைக்கவில்லை என்று எண்ணிய முருகப்பெருமான், அணிகலன்களைத் துறந்து, ஆண்டிக் கோலத்தில் தனித்துச் சென்று குன்றில் நின்றார்.

இக்கதையில் பலரும் கவனியாது விடுவது, பெற்றோர் நடந்துகொண்ட முறையாகும். சிவபெருமானும் உமையம்மையும் பிள்ளையை அழைத்துவர ஏவலரை அனுப்பவில்லை. தாமே தேடி வந்தனர். "அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று ஒப்பிட்டுப் பேசவில்லை. 'பழம் நீயே' என்று கூறித் தேற்றினர் என்பதே மரபாக வழங்கும் செய்தி. பிள்ளை கேட்டது கனி. ஆனால் அவன் மனம் வேண்டியதோ, தனக்கும் இவ்வீட்டில் மதிப்புண்டு என்னும் உறுதி. அதை அவர்கள் கொடுத்தார்கள். மலையிலிருந்து உடனே இறங்கி வருமாறு வற்புறுத்தவும் இல்லை. பிள்ளை தனித்து நின்ற இடமே திருத்தலமாயிற்று.

சினத்தை மட்டும் கண்டு கண்டிப்பது எளிது. சினத்தின் அடியில் இருக்கும் ஏமாற்றத்தைக் கண்டு பேசுவதே பெற்றோர் கற்க வேண்டிய கலை.

வளரிளம் பருவத்தில் நிகழ்வது என்ன?

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இப்பருவத்தில் உடல் வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது. மூளையில் நிகழும் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் இவ்வயதில் மிகுந்த வேகத்துடன் செயல்படுகின்றன. எண்ணிப் பார்த்து நிதானிக்கச் செய்யும் பகுதி நெற்றிக்குப் பின்புறம் உள்ளது. அது முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ இருபத்தைந்து வயது ஆகிறது. தேரில் குதிரைகள் பூட்டப்பட்டுவிட்டன. சாரதி இன்னும் பயிற்சியில் இருக்கிறான் என்று இந்நிலையைச் சொல்லலாம். இதனுடன் சுரப்பிகளின் மாற்றமும், பாடச் சுமையும், நண்பர்களிடையே மதிப்பு வேண்டும் என்னும் தவிப்பும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே, நேற்றுவரை மடியில் அமர்ந்த பிள்ளை இன்று கதவை அறைந்து சாத்துவது, பெற்றோர்மீது அன்பு குறைந்துவிட்டதன் அடையாளம் ஆகாது. அதே வேளையில், வயதைக் காரணம் காட்டி எதையும் செய்யலாம் என்பதும் இல்லை. சினம் வருவது குற்றமன்று. சினத்தால் பிறரை அடிப்பதும், பொருளை உடைப்பதும், இழிசொல் கூறுவதும் தவறு. உணர்ச்சிக்கு இடம் உண்டு, தீச்செயலுக்கு இடமில்லை என்னும் இந்த வரம்பை அமைதியான நேரத்தில் தெளிவாகச் சொல்லி வைத்தல் வேண்டும்.

உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுதல்

"என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலான பிள்ளைகளின் விடை. பல நேரங்களில் அது மறைத்துக் கூறும் விடையும் அன்று. உள்ளே எரிவது இன்னதென்று அவர்களுக்கே விளங்குவதில்லை. இவ்விடத்தில் தமிழ் மரபு உதவிக்கு வருகிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், மனித மனத்தின் உணர்வுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அழுகைக்கு அது கூறும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுவது இளிவு. உறவையோ உடைமையையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு. வேண்டியது இல்லாமை வறுமை.

இந்நான்கையும் இன்றைய பிள்ளையின் வாழ்வில் வைத்துப் பார்க்கலாம். வகுப்பில் எல்லோர் முன்னும் கேலி செய்யப்பட்டது இளிவு. உயிர்த்தோழி பேசாமல் போனதும், பாட்டி மறைந்ததும் இழவு. எப்போதும் முதலிடம் பெற்றவன் இம்முறை பின்தங்கியது அசைவு. நண்பர்களிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்பது வறுமை. வெளியே தெரிவது ஒரே முகவாட்டம். உள்ளே இருப்பதோ வெவ்வேறு புண். "யாராவது உன்னை ஏதேனும் சொல்லிவிட்டார்களா? யாரையாவது பிரிந்த வருத்தமா?" என்று மெல்லக் கேட்டால், பிள்ளை தன் உணர்வைத் தானே இனங்காணத் தொடங்கும். பெயர் தெரிந்த துயரைத் தாங்குவது, பெயர் தெரியாத துயரைத் தாங்குவதினும் எளிது.

கேட்ட பின்னரே கீதை

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் துயரம். வில் கைநழுவ, உடல் நடுங்க, அர்ச்சுனன் தன் கலக்கத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும் வரை கண்ணபிரான் குறுக்கிடவில்லை. உலகமே போற்றும் உபதேசம் அதன் பின்னரே தொடங்குகிறது.

வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நிகழ்கிறது. பிள்ளை இரண்டு சொற்கள் பேசுவதற்குள் பெற்றோரின் உபதேசம் தொடங்கிவிடுகிறது. "இதெல்லாம் ஒரு கவலையா? எங்கள் காலத்தில் நாங்கள் படாத பாடா?" என்னும் சொற்களைக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை வாய் திறப்பதில்லை. நேருக்கு நேர் அமர வைத்து விசாரிப்பதைக் காட்டிலும், கடைக்குச் சேர்ந்து நடக்கும்போதோ, பிரகாரத்தை வலம் வரும்போதோ, காய் நறுக்கும்போதோ பேச்சு தானாக வரும். அப்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதும், "அது உனக்கு மிகவும் வலித்திருக்கும்" என்று ஒரு சொல் கூறுவதும் போதும். அறிவுரை வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு அறிவுரை கூறலாம்.

சினம் தணியும் வழிகள்

திருவள்ளுவர் வெகுளாமை என ஓர் அதிகாரமே வகுத்து, சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பதே உண்மையான காவல் என்று உணர்த்துகிறார். இக்காவலைப் பிள்ளைகள் பழகுவதற்கு எளிய முறைகள் உண்டு.

முதலாவது, இடத்தைவிட்டு விலகுதல். சொல்லுக்குச் சொல் வளரும்போது, "பத்து நிமிடம் கழித்துப் பேசலாம்" என்று கூறி எழுந்து செல்வது தோல்வியாகாது. அது தணிகை மலை ஏறுவதற்கு ஒப்பாகும். பெற்றோரும் இதைச் செய்ய வேண்டும். தந்தை குரலை உயர்த்திக்கொண்டே மகனை அமைதி கொள்ளச் சொன்னால், மகன் கற்பது குரலை உயர்த்துவதையே.

இரண்டாவது, மூச்சு. உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கிச் சில முறை செய்தால், இதயத் துடிப்பு மெல்ல அடங்கும். 'சரவணபவ' என்னும் ஆறெழுத்தை மூச்சோடு இணைத்து நிதானமாகச் சொல்லும் வழக்கம் உள்ள பிள்ளைக்கு இது எளிதில் கைகூடும்.

மூன்றாவது, உறக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நள்ளிரவு வரை கைப்பேசியில் விழித்திருக்கும் பிள்ளைக்கு மறுநாள் சிறு சொல்லும் முள்ளாகக் குத்தும். இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசிகளும், பெற்றோருடையவையும் உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் வைக்கப்படுவது நன்று.

நான்காவது, வடிகால். விளையாட்டு, ஓட்டம், பாட்டு, வரைதல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் பிள்ளைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். அந்த நாட்குறிப்பைப் பெற்றோர் இரகசியமாகப் படிக்கலாகாது. நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் ஒட்டவைப்பது அரிது.

தேர்வு முடிவும் உயிரும்

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், சில இல்லங்களில் விளக்கு அணைந்துவிடுகிறது என்பது மறுக்க இயலாத துயரம். ஒரு மதிப்பெண் பட்டியல் ஓர் உயிரின் விலையாவதைத் தடுக்க, முடிவு வருவதற்கு முன்பே பெற்றோர் ஒரு சொல்லைக் கூறிவிட வேண்டும். "என்ன மதிப்பெண் வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, அன்று இரவு எல்லோரும் ஒன்றாக அமர்ந்துதான் சாப்பிடுவோம்" என்பதே அச்சொல். தமிழகத்தில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிக்கும் வழக்கம் 2017 ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. தேர்ச்சி பெறாதோர் ஆண்டு வீணாகாமல் மீண்டும் எழுதத் துணைத்தேர்வும் உண்டு. அரசே விட்டொழித்த ஒப்பீட்டை வீட்டில் உறவினரும் அண்டை அயலாரும் தொடரலாகாது.

பிள்ளை இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்ந்தே இருத்தல், உணவும் உறக்கமும் மாறுதல், விரும்பிய விளையாட்டையும் நண்பர்களையும் விலக்குதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்று பேசுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றைக் கண்டால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அன்போடு நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது; சொல்ல இயலாமல் தவித்த பிள்ளைக்குச் சொல்ல வழி பிறக்கும். அந்நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாமலும், பூச்சிமருந்து, மாத்திரைகள் முதலியவை கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனாஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மனநல மருத்துவரிடம் செல்வதால் தெய்வ நம்பிக்கை குறைந்துவிடும் என்றோ, ஊரார் பழிப்பர் என்றோ அஞ்ச வேண்டியதில்லை. புள்ளிருக்குவேளூரில் இறைவனே வைத்தியநாதராக எழுந்தருளி, நோய் தீர்க்கும் தொழிலைத் தன் தொழிலாகக் கொண்டிருக்கிறார். அர்ச்சனைத் தட்டும் மருந்துச் சீட்டும் ஒரே கையில் இருப்பதில் முரண் ஏதுமில்லை.

பின்தங்கி வரும் பிள்ளைக்காகக் காத்திருத்தல்

திருத்தணிகையில் சினம் தணிந்து அமர்ந்த பெருமானின் கையில் வலிமை குறையவில்லை. போருக்குரிய ஆற்றலே அருளுக்குரிய ஆற்றலாக மாறியது. வளரிளம் பருவத்தின் கொந்தளிப்பும் அத்தகையதே. அதை ஒடுக்கினால் பிள்ளை ஒடுங்கும். பொறுத்து வழிநடத்தினால் அதுவே நாளை ஊக்கமாகவும் துணிவாகவும் மலரும்.

ஆகவே, அடுத்த முறை படியேறும்போது பிள்ளை பின்தங்கி வந்தால், "சீக்கிரம் வா" என்று மேலிருந்து குரல் கொடுக்க வேண்டாம். நான்கு படிகள் இறங்கிச் சென்று, அருகில் சிறிது அமர்ந்திருந்து, பின்னர் இருவருமாக ஏறலாம். பிள்ளையைத் தேடிப் பழநிக்கு வந்த அம்மையப்பர் காட்டிய வழி அதுவே. தணிகை வேலவன் எல்லா இல்லங்களிலும் சினம் தணித்து, அமைதி நிலவத் திருவருள் புரிவானாக.