வாசலில் தாமரை பூக்கட்டும். கொசு வளர வேண்டாம்

கோலா கங்சார் – தோட்டப்புறத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்குப் பெரிய நிலம் வாய்ப்பதில்லை. ஆனாலும், நல்ல வெயில் படும் ஒரு மூலையும் அகலமான ஒரு தொட்டியும் இருந்தால் போதும், பூசைக்குத் தேவையான தாமரையும் அல்லியும் வீட்டு வாசலிலேயே பூக்கும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லாததால் ஆண்டு முழுவதும் இவற்றை வளர்க்கலாம். ஆனால், கவனிக்காமல் விட்டால் அதே தொட்டி டிங்கிக் காய்ச்சலையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும்.

எது தாமரை, எது அல்லி?

மலாய் மொழியில் இரண்டையுமே பொதுவாகத் 'தெராத்தாய்' என்பதால் செடி வாங்கும்போது குழப்பம் வருவதுண்டு. இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாமரை இலை முழு வட்டமாக நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். அல்லி இலை நீரில் மிதக்கும்; அதில் ஒரு பிளவு இருக்கும். நெய்தல் நிலத்துக்குப் பெயர் தந்த பூவும் அல்லி இனத்தைச் சேர்ந்ததுதான். அல்லியில் பகலில் பூப்பவையும் உண்டு, இரவில் பூப்பவையும் உண்டு. வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புவோர் இரவில் பூக்கும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

நடுவது எப்படி?

தினமும் 5 முதல் 6 மணி நேர வெயில் தேவை. அடியில் துளையில்லாத, சுமார் 50 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டி போதும். களிமண் கலந்த மண்ணே ஏற்றது. பைகளில் விற்கும் மக்கு உரமண் அழுகி மிதந்து நீரைக் கெடுத்துவிடும். கிழங்கின் குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, முதலில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் விட வேண்டும். உரத்தை நீரில் தூவினால் பாசிதான் வளரும். அதைத் தாளில் மடித்து மண்ணுக்குள் அழுத்தி வைக்க வேண்டும்.

தாமரையை விதையிலிருந்தும் வளர்க்கலாம். கடினமான ஓட்டை ஒரு முனையில் உரசி, உள்ளே வெண்மை தெரிந்ததும் நீரில் போட்டு, தினமும் நீரை மாற்றி வந்தால் சுமார் ஒரு வாரத்தில் முளைவிடும்.

கொசுவைத் தடுக்க

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக 7 முதல் 10 நாள்களே ஆகும். தொட்டியில் நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் அவை கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். ஆனால் மீன் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். எனவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பயன்படுத்தாத தொட்டிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வீட்டு வளாகத்தில் கொசுப் புழுக்கள் காணப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன் கீழ் அபராதம் விதிக்கப்படலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் தொட்டியின் மேல் உறுதியான வலை அவசியம். ஒரு சாண் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்துதான்.

கால்வாயில் வீசாதீர்

ஊதாப் பூவின் அழகைப் பார்த்து ஆகாயத்தாமரையை, அதாவது 'கெலாடி புந்திங்' செடியை, வாங்கிவிட வேண்டாம். ரப்பரைப் போலவே தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. 1877-இல் கோலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகள் பல தலைமுறைகளுக்குப் பிழைப்பைத் தந்தன. ஆகாயத்தாமரையோ இரண்டே வாரங்களில் இரு மடங்காகப் பெருகி, நீர்ப்பரப்பை மூடி, மீன்களுக்கு உயிர்வளி கிடைக்காமல் செய்துவிடும்.

கங்சார் ஆறு பேராக் ஆற்றில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் இது. வாசல் கால்வாயில் வீசும் செடியும் கப்பி மீனும் கடைசியில் ஆற்றுக்கே போய்ச் சேரும். கழித்த செடிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து மற்ற செடிகளுக்கு உரமாக்குங்கள். பெருகிய மீன்களைத் தொட்டி வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள்.