பால் ஒத்துக்கொள்ளாத வயிறு

பசும்பாலில் ஏறத்தாழ 5 விழுக்காடு கலந்துள்ள லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை, குளுக்கோஸ், காலக்டோஸ் ஆகிய இரு எளிய சர்க்கரைகளின் இணைப்பாகையால், அவ்விணைப்பு அறுபட்டாலன்றிக் குடல் அதனை உறிஞ்சிக்கொள்ள இயலாது. அறுக்கும் பணியைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரிலுள்ள லாக்டேஸ் என்ற நொதி, அதாவது செரிமான வினையை விரைவுபடுத்தும் புரதம். இந்நொதி போதாதவிடத்துச் செரிக்காத சர்க்கரை பெருங்குடலை அடைந்து, நீரைத் தன்பால் ஈர்ப்பதோடு அங்குள்ள நுண்ணுயிரிகளால் புளிக்கவைக்கப்பட்டு ஹைட்ரஜன் முதலிய வாயுக்களையும் உண்டாக்குவதால், வயிற்று உப்புசமும் இரைச்சலும் பேதியும் தோன்றுகின்றன.

இதனை நோய் என்பது பொருந்தாது. தாய்ப்பால் மறந்தபின் லாக்டேஸ் குறைவதே பாலூட்டிகளின் பொது இயல்பு. உலகில் வளர்ந்தோருள் மூன்றில் இரு பங்கினர் இவ்வியல்பினரே. கால்நடை வளர்த்த சில மக்களிடம் மட்டும் ஒரு மரபணுத் திரிபு அந்நொதியை முதுமைவரை நிலைக்கச் செய்தது. 2002இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த அத்திரிபு இந்தியாவின் வடமேற்கில் மிகுந்தும் தெற்கே அருகியும் காணப்படுவதால், தமிழகத்தில் பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாதது வியப்பன்று. பால் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதும் பால் ஒவ்வாமையோ முற்றிலும் வேறானது. அதில் சிறு துளியும் ஆபத்தாகலாம்.

லாக்டேஸ் குறைவிலோ அளவே முதன்மையானது. ஒரு கோப்பைப் பாலிலுள்ள சுமார் 12 கிராம் லாக்டோஸை உணவோடு சேர்த்து உட்கொண்டால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வதால், பாலை அறவே விலக்குவது தேவையற்ற கடுமையாகும். தயிரில் நுண்ணுயிரிகள் சர்க்கரையின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதோடு, எஞ்சியதைக் குடலில் சிதைக்கும் நொதியையும் உடன் கொண்டுவருகின்றன. நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே கூறலாம். பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பால்கோவாவில் அது செறிந்திருக்கும். ஆட்டுப்பாலும், இன்று விலை கூட்டி விற்கப்படும் ஏ2 பாலும் லாக்டோஸ் உள்ளவையே என்பதைப் பலர் அறிவதில்லை. பாலைக் குறைப்போர் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றை நாடலாம்.

வயிற்றுப்போக்கிற்குப் பின் குழந்தைகளுக்கு லாக்டேஸ் குறைவு தற்காலிகமாக ஏற்படுவதுண்டு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஐயமுற்றோர்க்கு, லாக்டோஸ் கரைசலைக் குடித்தபின் மூச்சில் வெளிவரும் ஹைட்ரஜனை அளக்கும் எளிய சோதனை உண்டு. எடை குறைவோ மலத்தில் இரத்தமோ காணப்பட்டால், பாலின்மேல் பழியைப் போட்டு நாள் கடத்தாது மருத்துவரை அணுக வேண்டும்.