கரன்ட் போனாலும் கவலை இல்லை... இன்குபேட்டர் குஞ்சுகளுக்கு அம்மாவாகும் அடைக்கோழி!

இன்குபேட்டரில் முட்டை வைத்து 21-ம் நாள் குஞ்சு எடுப்பது இப்போது பெரிய வித்தை இல்லை. வீட்டில் வைக்கும் சின்ன மெஷின்கூட அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சோதனையே அதற்குப் பிறகுதான். ராத்திரி கரன்ட் போய் பல்பு அணைந்தால், குளிர் தாங்காத குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் செத்துக் கிடப்பது விடிந்த பிறகுதான் தெரியும்.

இதற்கான தீர்வு பல வீடுகளில் கூடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அடைக்கோழி. சில ஊர்களில் இதை 'அவயத்துக்கு உட்கார்ந்த கோழி' என்பார்கள். பொரிக்கும் வேலையை மெஷினுக்கும், வளர்க்கும் வேலையைக் கோழிக்கும் கொடுப்பதுதான் இந்த முறை.

பல்பால் முடியாதது

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்க வேண்டும். பல்பு வைத்தால் அதை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்ய வேண்டும். தாய்க்கோழியிடம் அந்த வேலையே இல்லை. குளிர்ந்தால் குஞ்சு இறக்கைக்குள் போகும், சூடு போதுமென்றால் வெளியே வரும்.

இரையைக் கொத்திக் கீழே போட்டு, 'கொக் கொக்' என்று கூப்பிட்டு எதைச் சாப்பிடலாம் என்று காட்டிக்கொடுப்பதும் தாய்தான். பருந்து நிழல் தெரிந்தால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். காகமோ பூனையோ வந்தால் இறக்கையை விரித்துக்கொண்டு பாயும்.

எந்தக் கோழி தாயாகும்?

எல்லாக் கோழிகளும் இதற்குச் சரிப்படாது. முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடை காக்கும் குணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நாட்டுக்கோழிகளில், குறிப்பாகச் சிறுவிடையில், அது நன்றாகவே இருக்கிறது.

முட்டையிடுவதை நிறுத்திவிட்டு இரவும் பகலும் கூட்டிலேயே கிடப்பது, கை வைத்தால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருவது, ஒரு நாளில் சில நிமிடங்கள் மட்டும் இரைக்கு இறங்குவது... இவையெல்லாம் அடைக்கு வந்ததன் அடையாளங்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகரிப்பதுதான் இதற்குக் காரணம்.

நேற்று உட்கார்ந்த கோழியிடம் இன்று குஞ்சை விட்டால் ஏற்றுக்கொள்ளும் என்று நம்ப முடியாது. சுமார் மூன்று வாரம் உட்கார்ந்த கோழியே பொருத்தம். சுலபமான வழி, இன்குபேட்டரில் முட்டை வைக்கும் அன்றே கோழிக்கும் நான்கைந்து முட்டைகளை அடை வைத்துவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பொரிக்கும்.

முதல் இரண்டு நாள் முக்கியம்

பொரித்த குஞ்சு முதலில் பார்ப்பதைத் தாயாக நினைத்துப் பின்தொடரும். 1870-களிலேயே டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் கோழிக்குஞ்சுகளை வைத்து இதைக் கவனித்தார். பிறகு வாத்துக் குஞ்சுகளிடம் இதை விரிவாக ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ், 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் பழக்கம் பதியும் காலம் மிகக் குறைவு. நான்கைந்து நாள் பல்பின் கீழ் வளர்ந்த குஞ்சு, கோழியைக் கண்டு மிரண்டு ஓடும். கூப்பிட்டாலும் இறக்கைக்குள் போகாமல் குளிரில் வாடும். அதனால் பொரித்த ஒன்று, இரண்டு நாள்களுக்குள் சேர்த்துவிட வேண்டும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருப்பதால், அதுவரை தீவனம் இல்லாவிட்டாலும் குஞ்சு தாக்குப்பிடிக்கும்.

இருட்டில் சேர்க்கணும்

* நன்றாக இருட்டிய பிறகு, மங்கலான வெளிச்சத்தில் வேலையைத் தொடங்க வேண்டும்.
* முதலில் இரண்டு குஞ்சுகளைப் பின்பக்கமாக வயிற்றுக்கு அடியில் மெதுவாக நுழைக்க வேண்டும்.
* கோழி தாழ்ந்த குரலில் கொஞ்சினால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மற்ற குஞ்சுகளையும் அதே இரவில் விட்டுவிடலாம்.
* பொரிக்காத முட்டைகளையும் ஓடுகளையும் எடுத்துவிட வேண்டும்.
* விடியும் முன்பே போய்ப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில்தான் கோழி குஞ்சுகளின் முகத்தைப் பார்க்கும். தலையில் குறிவைத்துக் கொத்தினால் உடனே குஞ்சுகளை எடுத்து பல்புக்கு மாற்ற வேண்டும்.

'கோழி மிதித்துக் குஞ்சு முடம் ஆகுமா' என்பது பழமொழி. ஆனால், தன் குஞ்சு இல்லை என்று தோன்றினால் கொத்தியே கொன்றுவிடும் கோழிகளும் உண்டு. அதனால் முதல்முறை செய்பவர்கள் பல்பைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

சிறுவிடைக்கு 10 முதல் 15 குஞ்சு வரை விடலாம். எல்லாக் குஞ்சும் இறக்கைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மார்கழிக் குளிரில் இன்னும் குறைப்பது நல்லது.

தீவனம், தண்ணீர், தடுப்பூசி

முதல் சில நாள்கள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் தனியாக வைக்க வேண்டும். மற்ற கோழிகள் குஞ்சுகளைக் கொத்தும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சுகள் மூழ்காது. தாய்க்கும் குஞ்சுத் தீவனமே போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அது குஞ்சுகளுக்கு ஆகாது.

அடை வைக்கும் முன்பே கோழியின் உடலில் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அப்படியே குஞ்சுகளுக்குத் தொற்றும். தாயோடு வளர்கிறது என்பதற்காகத் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. வெள்ளைக்கழிச்சலுக்கான முதல் சொட்டு மருந்தை முதல் வாரத்தில் கொடுப்பது வழக்கம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த முறையில் இழப்பும் உண்டு. அடைக்கு உட்கார்ந்த நாள்களிலும், குஞ்சுகளோடு திரியும் ஒன்றரை, இரண்டு மாதங்களிலும் அந்தக் கோழி முட்டையிடாது. அடை காக்கும் நாள்களில் சரியாகச் சாப்பிடாமல் எடையும் குறையும். அதனால் ஒரே கோழியைத் தொடர்ந்து அடைக்கு விடாமல், நடுவில் தேறிவர நேரம் கொடுக்க வேண்டும். குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, தாயே கொத்தி விரட்டத் தொடங்கினால் அதன் வேலை முடிந்தது. அப்போது குஞ்சுகளைத் தனியாகப் பிரித்துவிடலாம்.