3 புலி... 15 ஆடு... ஜெயிப்பது யார்? ஆடு புலி ஆட்டத்தின் சூட்சுமம்

நெல்லை:
ஒரு பக்கம் 15 பேர். எதிரே வெறும் 3 பேர். ஆனால் பயப்பட வேண்டியது அந்த 15 பேர்தான். திண்ணை, படித்துறை, கோவில் மண்டபம் என்று தாமிரபரணிக் கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த ஆடு புலி ஆட்டத்தின் கணக்கு இதுதான்.

செலவு ஒரு பைசா கிடையாது. ஒரு துண்டு கரிக்கட்டி, ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை, புலிக்கு ஆற்றில் பொறுக்கிய 3 கூழாங்கல். அவ்வளவுதான்.

23 புள்ளி

உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து 4 கோடுகள் கூரை மாதிரி கீழே விரியும். குறுக்கே 3 கோடுகள். இவை இரண்டு பக்கமும் வெளியே நீண்டு, நேர்கோட்டில் அடைபடும். அடியில் கூரையை மூடும் ஒரு கோடு. உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் 6 வீதம் 18, அடியில் 4. மொத்தம் 23 புள்ளி.

புலிகளை முதலில் வைத்துவிடுவார்கள். ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்குவார். 15 ஆடும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் காலியாக இருந்தால் ஒரே தாவல். ஆடு காலி!

பதுங்கும் வித்தை

புதுசாக ஆடுபவர் முதல் ஆட்டைப் பார்த்ததும் பாய்வார். கைதேர்ந்தவர் அப்படிச் செய்வதில்லை. இரண்டு ஆட்டுக்கு நடுவே, இரண்டுக்கும் பின்னால் காலியாக இருக்கும் இடம் பார்த்து சத்தமில்லாமல் போய் உட்காருவார். ஆட்டுக்காரருக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர், "ஏலே, பின்னால பாருலே" என்று கத்தி காரியத்தைக் கெடுப்பதும் இங்கேதான்.

புலி வேகமாக அடிக்க வேண்டியது ஆரம்பத்தில். ஆடுகள் நகர முடியாமல் நிற்கும் அந்த நேரம்தான் அதற்கு அறுவடை. 15 ஆடும் இறங்கி ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், தாவ இடம் கிடைக்காது.

மூலையில் சிக்கினால்...

நடுவில் 4 வழி உள்ள புள்ளியில் நிற்கும் புலியைக் கட்ட 8 ஆடு வேண்டும். வழியை அடைக்க 4, அதைத் தாண்டாமல் இருக்க பின்னால் 4. உச்சிப் புள்ளியிலும் இதே கணக்குதான். ஆனால் மூலையில் ஒதுங்கிய புலியைக் கட்ட 4 ஆடு போதும். மூன்று புலியும் மூலைக்குப் போனால் 12 ஆட்டோடு கதை முடிந்தது.

அதனால் விவரமான ஆட்டுக்காரர் ஒரு ஆட்டைப் பலி கொடுத்தாவது புலியை மூலைக்கு இழுப்பார். ஆசைப்பட்டு அதைத் தின்ற புலி, அடுத்த முறையே வெளியே வராவிட்டால் மாட்டிக்கொள்ளும்.

ஆட்டுக்காரருக்கு இன்னொரு தைரியமும் உண்டு. உச்சி, அடியில் இரண்டு மூலை, பக்கவாட்டில் நான்கு மூலை என 7 புள்ளிகளில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தாண்ட முடியாது. அங்கே கோடு முடிந்துவிடுகிறதே! முதல் ஆடுகளை அங்கே இறக்குவதுதான் புத்திசாலித்தனம்.

டைல்சுக்கு அடியில்...

நேபாளத்தில் இதே ஆட்டத்துக்கு பாக்சால் என்று பெயர். அங்கே 4 புலி, 20 ஆடு. கட்டமும் சதுரம்.

நம் ஊரில் களக்காடு, முண்டந்துறை காட்டில் நிஜப் புலிக்கு 1988-ல் காப்பகம் வந்துவிட்டது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அது. கல்லில் வெட்டிய புலிக்குத்தான் காவல் இல்லை. தமிழகத்தின் பழைய மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் யாரோ உளியால் செதுக்கிய இந்தக் கட்டங்கள் இன்றும் கிடக்கின்றன. பழைய கல்தரை மேல் டைல்ஸ் ஒட்டினால், சிமெண்ட் பூசினால் அதோடு கட்டமும் போச்சு. வேலை தொடங்கும் முன் தரையை ஒரு தடவை கழுவிப் பார்த்தால் கோடு தெரிந்துவிடும்.

ஆட உட்காருபவர்களுக்கு ஒரு விஷயம். எத்தனை ஆட்டைத் தின்றால் புலி ஜெயித்ததாக அர்த்தம் என்பது ஊருக்கு ஊர் மாறும். முதல் காய் வைக்கும் முன்பே அதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் புலிக்கும் ஆட்டுக்கும் நடக்கும் சண்டை, ஆடுகிறவர்களுக்கு நடுவே வந்துவிடும்.