காலையில் சாய்ந்து நிற்கும் பஸ்

கல்யாணத்துக்கும் நாகூர், ஏர்வாடிப் பயணத்துக்கும் நம் மஹல்லாவினர் பிடிக்கும் ஏசி பஸ்கள் பலவற்றை இப்போது இரும்புப் பட்டைகளுக்குப் பதில் ரப்பர் ஏர் பலூன்களே தாங்குகின்றன. நாலைந்து நாள் சும்மா நின்ற வண்டி சற்று இறங்குவது இயல்பு. இரவு சமதரையில் நிறுத்திய பஸ் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று பொருள்.

பள்ளம் உள்ள ஒர்க்‌ஷாப்பில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. காற்று முழுதும் ஏறியதும் என்ஜினை அணைத்துக் காது கொடுத்துக் கேட்பார்கள். பலூன் மடிப்பு, குழாய் இணைப்பு, லெவலிங் வால்வு இவற்றில் சோப்பு நீர் தடவினால் கசியும் இடம் குமிழி விடும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் சந்தேகம் அந்த மூலைப் பலூன்மேல். முன்பக்கம் முழுதும் இறங்கினால் வால்வின்மேல். முன்னிரண்டு பலூன்களுக்கும் பெரும்பாலும் ஒரே வால்வுதான். வண்டி சாயாமலே காற்று மானியின் முள் இறங்கினால் கசிவு பிரேக் குழாயிலும் இருக்கலாம்.

பிரேக்குக்கும் பலூனுக்கும் காற்று தருவது ஒரே கம்ப்ரசர். இடையில் பாதுகாப்பு வால்வு உண்டுதான். அதை நம்பி, "போய்ப் பார்த்துக்கலாம், நிக்காஹ் நேரமாச்சு" என்று ஓட்டுநரை அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாமே. மானி முள் ஏறி எச்சரிக்கை ஒலி நிற்கும்வரை வண்டி நகரக் கூடாது.

வழியில் பலூன் வெடித்தால் பாடி சட்டென்று கீழே இறங்கும். சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் மெக்கானிக்கும் அடியில் நுழையக் கூடாது; ஜாக்கி மட்டும் போதாது. சக்கரத்தின் மேலுள்ள இடுக்கில் கைவிட்டு டார்ச் அடிக்கும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.