வாட்ஸ்-அப் வைத்தியம் உண்மையா? பள்ளி நூலகத்தில் கேளுங்க!

கொரட்டூர்,

மழை விட்டதும் கொரட்டூர் ஏரிப்பக்கத்து தெருக்களில் டெங்கு பயம் வந்துவிடும். கூடவே வாட்ஸ்-அப் வைத்தியமும் வரும். வீட்டில் அதை படித்து சொல்வது பிள்ளைகள்தான்.

2017 பிப்ரவரியில் தமிழக பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, 'ஊசி ஆபத்து' என்று பரவிய வதந்தியால் பல பெற்றோர் மறுத்தது ஞாபகம் இருக்கலாம்.

இங்கேதான் பள்ளி நூலகர் உதவ முடியும். அவர் வைத்தியம் சொல்ல வேண்டாம், அது டாக்டர் வேலை. தகவலை எழுதியது யார், எந்த வருஷம், எதையாவது விற்கப் பார்க்கிறார்களா என்று மாணவர்களை கேட்க வைத்தாலே போதும்.

'டெங்கு கொசு சாக்கடையில்தான் வளரும்' என்று ஒரு மெசேஜ் வருதுன்னு வைங்க. சுகாதாரத்துறை நோட்டீசை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடையும். டிரம், பழைய டயரில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும், பகலில் கடிக்கும். டெங்குவுக்கு ஆஸ்பிரின், புரூபன் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. இது தெரியாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

பல அரசு பள்ளிகளில் தனியாக நூலகரே கிடையாது. ஒரு ஆசிரியர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் வாரம் ஒரு நூலக பீரியடை இதற்கு ஒதுக்கலாம். அப்பவும் சந்தேகம் தீரலையா? 104-க்கு இலவசமாக போன் போட்டு கேட்கலாம்.