இணைப்புத் தண்டு புஷ்

இணைப்புத் தண்டு புஷ் என்பது டீசல் எந்திரத்தில் கனெக்டிங் ராடின் மேல்முனைத் துளைக்குள் இறுக்கமாகப் பொருத்தப்படும் வெண்கல வளையம் ஆகும். பிஸ்டன் பின் இதனுள் அசைகிறது. எஃகுப் பின்னைவிட வெண்கலம் மென்மையானது. ஆகவே தேய்மானத்தைப் புஷ் ஏற்று, விலை கூடிய ராடையும் பின்னையும் காக்கிறது. பழைய டிராக்டரிலும் மீன்பிடிப் படகின் டீசல் எந்திரத்திலும் இதன் வேலை ஒன்றே.

பயன்பாட்டுச் சூழல்

தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச எல்லையில் உள்ள பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இப்பகுதிக் கண்ணாடியிழைப் படகுகள், மணல் சேரும் முகத்துவாரம் வழியே கடலுக்குச் செல்கின்றன. அலை உடையும் அவ்விடத்தில் எந்திரம் நின்றால் படகு கவிழக்கூடும். எனவே புஷ் தேய்ந்ததன் அறிகுறியான ‘டக் டக்’ ஒலியைப் புறக்கணிக்கக் கூடாது.

தேய்மானக் காரணங்கள்

பழைய எண்ணெய், எண்ணெயில் கலக்கும் உப்புநீர், அடைபட்ட எண்ணெய்த் துளை ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

சீரமைப்பு

பின்னின் வெளிவிட்டமும் புஷ்ஷின் உள்விட்டமும் மைக்ரோமீட்டர் கொண்டு பல இடங்களில் அளக்கப்படும். நகத்தில் தட்டாத மெல்லிய கீறலை விட்டுவிடலாம். ஆழமான கீறலை உப்புத்தாளால் தேய்த்து மறைப்பது தவறு. அதன் துகள்கள் வெண்கலத்தில் பதிந்து பின்னை அரிக்கும். அப்போது பழைய புஷ்ஷை பிரஸ் மூலம் வெளியேற்றி, எண்ணெய்த் துளைகள் நேராக அமையுமாறு புதியது அழுத்தப்படும். அழுத்தத்தில் புஷ் சற்றுச் சுருங்குவதால், பின்னர் ரீமர் கொண்டு உரிய அளவுக்குக் கடையப்படும். இடைவெளி பொதுவாக மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. சரியான அளவு எந்திரக் கையேட்டில் இருக்கும். பின்னும் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் புதிய புஷ் விரைவில் பழுதாகும்.